அப்பாவின் நடை

அத்தியாயம் பதினொன்று

அந்த வியாழக்கிழமை பாலைவனத் தூசி டக்கார் நகரத்தின் மேல் இறங்கியிருந்ததா, இல்லை அது அடுத்த வாரமா என்று எனக்கு நிச்சயமில்லை. யாந்தேயைக் கேட்டால், எதிர்க் கட்டிடம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறாள். டாக்டர் அந்தா கெய்யைக் கேட்டால், வானம் துடைத்துவிட்டது போல இருந்தது, மர நிழலின் விளிம்புகூட நினைவிருக்கிறது என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. இரண்டையும் கேட்டுக் கேட்டு, இப்போது எனக்கு இரண்டுமே நடந்தது போலத்தான் தோன்றுகிறது. ஆகையால் தூசியை விட்டுவிடுகிறேன். மற்றதைச் சொல்கிறேன். அதிலும் எங்கேயாவது பிசகியிருக்கலாம்.

ஜெகான் பேச்சை நிறுத்தி மாதங்கள் ஆகிவிட்டன. ஃபாத்திக்கில் கணக்கு வாத்தியார் அவன். பாதிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டவன், சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பிள்ளைகள் மணி அடிக்கும்வரை காத்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. அவனுடைய அப்பா பிராம் ஃபாய் இறந்து அப்போது ஒரு மழைக்காலம் கடந்திருந்தது.

அக்கா யாந்தே அவனை டக்காருக்குக் கூட்டிவந்தாள். மனநோய்க்கென்று இருந்த அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி தனியாக வரக்கூடாது. சொந்தத்தில் ஒருவர் கூடவே வந்து, கூடவே தங்கி, ஒரே கிண்ணத்தில் சாப்பிட வேண்டும். யாந்தே பிக்கினில் இருந்த தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். தம்பியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள்.

முந்தின நாள் அண்ணன் லாத்திரிடமிருந்து போன் வந்தது. வியாழக்கிழமை மதியம் காரோடு வருகிறேன், அவனைக் கூட்டிப்போகப் போகிறேன் என்றான். உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம். பேய் பிடித்தவர்கள் எத்தனையோ பேர் குணமாகிப் போயிருக்கிறார்களாம்.

அந்த வைத்தியரின் வளவை யாந்தே ஒருமுறை பார்த்திருக்கிறாள். அங்கே மரத்துக்கு மரம் சங்கிலி இருந்தது.

* * *

காலையில் எழுந்ததும் அவள் டாக்டர் கெய்யைத்தான் தேடிப்போனாள். டாக்டர் நடைபாதையில் நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தார். யாந்தே சொன்னதையெல்லாம் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு.

பிறகு சொன்னார். நாங்கள் யாரையும் பூட்டி வைப்பதில்லை. குடும்பத்து மூத்தவர் கூட்டிப்போகிறேன் என்றால், பேசாத ஒருவனை வைத்துக்கொண்டு நாங்கள் மல்லுக்கட்ட முடியாது. ஆனால் அவனே தன் வாயால் இருக்கிறேன் என்று சொன்னால், அவன் வளர்ந்த மனிதன். அண்ணனாலும் அவனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

“ஒரு வார்த்தை போதுமா?”

“போதும்” என்றார் டாக்டர். “அவன் சொல்ற வார்த்தையா இருக்கணும். நீ சொல்ல வைக்கிற வார்த்தையா இருக்கக் கூடாது.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாந்தேக்கு அப்போது புரியவில்லை. ஒரு வார்த்தைதானே. அவள் ஏறக்குறைய ஓடித்தான் திரும்பி வந்தாள்.

ஜெகான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அப்பாவின் காக்கிக் கோட்டு அவன்மேல் போர்த்தியிருந்தது. அந்த மாதங்களில் கடற்காற்று குளிராக வரும். ஆற்றைக் கடக்கும் பெரிய படகில் டிக்கெட் கிழித்தபோது அப்பாவுக்குக் கொடுத்த கோட்டு அது. பித்தளைப் பொத்தானில் பாதி இல்லை.

அவள் கட்டிலின் மறுபக்கம் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“ஜெகான். மதியம் அண்ணன் வருது. ‘இருக்கேன்’னு சொல்லு. அது போதும். அக்காவுக்காக ஒரு தடவை சொல்லு.”

அவன் கண்கள் திறந்திருந்தன. அவளைத் தாண்டி எதையோ பார்த்தன.

“உதட்டை அசைச்சாக்கூடப் போதும்டா.”

அவன் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறவன் மூடுவதுபோல் இல்லை. கடைக்காரன் பாதிக் கதவை இழுத்து விடுவதுபோல் இருந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் யாரோ சோப்பு நுரையைத் தள்ளிக் கழுவினார்கள். தண்ணீர் அவள் பாதம்வரை வந்துவிட்டுப் போயிற்று. இத்தனை நாள் ஒரே அறையில் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டு, ஒரே மூச்சுக் காற்றில் தூங்கியும், தான் அவனுக்குப் பக்கத்தில் ஒருமுறைகூட இருந்ததில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயமாக இருந்தது. எழுந்து கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

* * *

குழாயடியில் யேரோ ஜாலோ நின்றிருந்தான்.

ஐம்பது வயதிருக்கும். மாடு மேய்க்கிற ஃபுலானி இனத்தவன். ஒட்டடைக் கம்பு போல உயரம். வீட்டு ஆட்கள் வந்து தங்க முடியாத நோயாளிகளுக்குக் கூலிக்குச் சொந்தமாக இருப்பது அவன் தொழில். பக்கத்துக் கட்டில் துணி வியாபாரிக்கு இரண்டு மாதம் தம்பியாக இருந்தான். அந்த வியாபாரி அன்று காலைதான் வீட்டுக்குப் போனார்.

யாந்தேயைப் பார்த்த முதல் நாளே, ஃபாய் என்று குடும்பப் பெயர் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஃபாய் என்பது ஸெரேர் குடிப் பெயர்; ஸெரேர் குடிகளுக்கும் ஃபுலானிக்காரர்களுக்கும் நடுவில் பாட்டன் காலத்துக் கேலிமுறை. எதிரே கண்டால் வைது தீர்க்க வேண்டும். வைவதைக் கேட்டுக் கோபப்படக் கூடாது. ஒருவன் ரத்தத்தை ஒருவன் சிந்தக் கூடாது. கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது.

அன்றும் ஆரம்பித்தான். “வந்தியா, எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டின வம்சமே! ஒரு கிண்ணத்தைக் கழுவ இவ்வளவு தண்ணியா? எங்க மாடுகூட இவ்வளவு குடிக்காது.”

வழக்கமாக அவள் பதில் சொல்லமாட்டாள். அன்று அவளுக்கு என்னவோ தோன்றியது.

“உங்க மாடு எது? எங்க ஊர்ல திருடினதா?”

யேரோ அசந்துபோய் அவளைப் பார்த்தான். பிறகு குழாயை மூடிவிட்டுச் சிரித்தான். “அப்பாடா. இத்தனை நாள் செவுத்தையில்ல வைஞ்சிட்டிருந்தேன்.”

அவனுடைய வியாபாரி எப்படிப் போனார் என்று அவள் கேட்டாள். நன்றாகப் போனார் என்றான். மகன் வந்து கூலியைக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னானாம். சந்தையில் எங்களைப் பார்த்தால் கூப்பிட்டு ஆஸ்பத்திரிப் பேச்சு எதையும் எடுத்துவிடாதே.

“எல்லாரும் சொல்றதுதான்” என்றான் யேரோ. “இந்த ஊர்ல எனக்கு எத்தனையோ அண்ணன் தம்பி இருக்கான். ஒருத்தனும் என்னைத் தெரியும்னு சொல்லமாட்டான்.”

சொல்லிவிட்டுத் தன் பாத்திரத்தை உலுக்கி நீரை வடித்தான். அதில் வருத்தம் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று தெரியாது. மதியம் வரப்போகும் காரைப் பற்றி, சங்கிலியைப் பற்றி, அப்பாவின் சாவைப் பற்றி.

அப்பாவின் சாவில் நடந்தது ஊரே பேசியதுதான். அவர்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குக் கேலிமுறைக்காரர்கள் வருவார்கள். செத்தவரின் உடுப்பை மாட்டிக்கொள்வார்கள். அவரைப்போல நடப்பார்கள், அவரைப்போல இருமுவார்கள், எனக்கு ஏன் சோறு வைக்கவில்லை என்று பெண்சாதியோடு சண்டை போடுவார்கள். அழுதுகொண்டிருக்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்த பிறகு வருகிற அழுகை வேறு மாதிரி இருக்கும்.

அன்றும் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஃபுலானி வீட்டு ஆட்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வாசலில் லாத்திர் நின்றான். அவனுக்கு ரூஃபிஸ்க்கில் சிமெண்ட் வியாபாரம். பட்டணத்துப் பெரிய மனிதர்கள் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு இதெல்லாம் வேண்டாம் என்று லாத்திர் கையைக் குறுக்கே நீட்டினான். அவர்கள் திகைத்து நின்றார்கள். முறையைத் தடுத்து அவர்கள் பார்த்ததில்லை. திரும்பிப் போனார்கள். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், சரியாக அழவும் இல்லை.

யேரோ கேட்டுக்கொண்டே இருந்தான். கேலியெல்லாம் அவன் முகத்திலிருந்து போய்விட்டது.

“உங்கப்பா எப்படி நடப்பாரு?” என்றான் கடைசியில்.

படகுக் கயிறு நசுக்கி ஒரு கால் விளங்காமல் போய்விட்டது, அதை இழுத்து இழுத்து நடப்பார் என்று அவள் சொன்னாள்.

எந்தக் கால் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

* * *

வியாழக்கிழமை முற்பகலில் வேப்பமரத்தடியில் கூட்டம் கூடும். நோயாளிகள், சொந்தக்காரர்கள், நர்சுகள், டாக்டர்கள் எல்லாரும் வட்டமாகப் பாய்களில் உட்கார்வார்கள். டீ கொதிக்கும். நோயாளிகளில் ஒருவர்தான் தலைவர். யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம். பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு.

அன்றைய தலைவர் ரிடையர் ஆன ரயில் கார்டு. கையில் பச்சைத் துணி வைத்திருந்தார். அதை அசைத்தால்தான் பேச வேண்டும். மீன் குழம்பில் மீன் இல்லை என்று ஒரு பெண் முறையிட்டாள். ரயில் கார்டு அதைக் கவனமாகக் கேட்டு, அடுத்த ஸ்டேஷனில் விசாரிப்போம் என்றார்.

ஜெகான் யாந்தேயின் பக்கத்தில் கைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தான். கூட்டத்துக்கு வருவான். எழுப்பினால் எழுந்திருப்பான், நடத்தினால் நடப்பான்.

லாத்திர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். இஸ்திரி கலையாத வெள்ளை அங்கி, கையில் கார்ச் சாவி. வட்டத்துக்கு வெளியே நின்றான். டாக்டர் அவனுக்கு இடம் காட்டினார். அவன் உட்காரவில்லை.

“போலாம், யாந்தே. சாமானைக் கட்டு. இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்.”

அவன் குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவன்தான் பார்த்தான். தம்பியைப் பார்க்கிறபோது அவன் கழுத்து நரம்பு துடிப்பது அவளுக்குத் தெரியும்.

“இன்னும் கொஞ்ச நாள், அண்ணே” என்றாள்.

“எத்தனை கொஞ்ச நாள்? அவன் என்னைப் பார்க்கக்கூட மாட்டேங்கறான்.”

டாக்டர் ஜெகானிடம் திரும்பினார். அண்ணன் உன்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறார், நீ என்ன நினைக்கிறாய் என்று நிதானமாகக் கேட்டார். ரயில் கார்டு பச்சைத் துணியை அசைத்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். யாந்தே பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியின் உதட்டையே பார்த்தாள். அது அசையவில்லை.

அப்போது வார்டு வாசலிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

யேரோ வந்துகொண்டிருந்தான். கட்டிலில் கிடந்த அப்பாவின் காக்கிக் கோட்டைப் போட்டிருந்தான். கோட்டின் கை அவன் முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. வலது காலைத் தரையில் தேய்த்து இழுத்து, தோளை ஆட்டி, வழியில் இருந்தவர்களையெல்லாம் விலகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

“டிக்கெட்! டிக்கெட்! எவன் எவன் டிக்கெட் வாங்கலையோ, அவன் நீந்தி வரட்டும்!”

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தக் கோட்டு யாருடையது என்று லாத்திருக்குத் தெரியும்.

“யாரு இது? கழட்டச் சொல்லுங்க.”

யேரோ அவன் முன்னால் போய் நின்றான். தலையிலிருந்து கால்வரை பார்த்தான். “வா, என் மூத்த மகனே. என் சாவுக்கு வந்த விருந்தாளிங்களை வாசல்ல நிறுத்தினியாமே. நானும் வெளியிலயே நின்னுட்டேன்டா. உள்ள வர வழியில்ல.”

லாத்திர் ஓர் அடி பின்னால் போனான்.

யேரோ திரும்பி, காலை இழுத்துக்கொண்டு வட்டத்துக்குள் நடந்தான். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் ஜெகானைக் கடந்தான். சரளைக் கல்லில் கால் தேயும் சத்தம் மட்டும் கேட்டது.

“அந்தக் கால் இல்ல.”

யார் சொன்னது என்று முதலில் யாந்தேக்கு விளங்கவில்லை. கரகரவென்று, துருப்பிடித்த குரல். வெளியிலிருந்து யாரோ சொன்னது போல இருந்தது.

யேரோ நின்றான். திரும்பவில்லை. “எவன்டா அது?”

“அந்தக் கால் இல்ல” என்றான் ஜெகான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தப்பாகக் கணக்குப் போட்ட பையனிடம் சொல்கிற மாதிரி, கொஞ்சம் சலிப்போடு. “இடது கால்.”

“என் காலைப் பத்தி எனக்கே பாடமா? நான் செத்தவன். எனக்குத் தெரியாதா?”

“மாட்டுத் திருடனுக்கு என்ன தெரியும். நீங்க நடந்தா போவீங்க? ஊர்ந்துதானே போவீங்க.”

வேப்பமரத்தடி ஒரே சிரிப்பாயிற்று. டீ ஊற்றிக்கொண்டிருந்தவன் தரையில் ஊற்றினான். ரயில் கார்டு பச்சைத் துணியைத் தலைக்கு மேலே சுழற்றினார். ஜெகானின் தோள் குலுங்கியது. அவன் சிரிக்கிறான் என்றுதான் யாந்தே நினைத்தாள். சிரிக்கத்தான் செய்தான். அது எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் அழுதான். யாரும் அவனைத் தொடவில்லை. யாந்தேயின் கை தானாக நீண்டது. டாக்டர் தலையை மட்டும் அசைத்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

நெடுநேரம் கழித்து யேரோ இடது காலை இழுத்துக்கொண்டு அவன் எதிரே வந்து குந்தினான்.

“சரி. இதுதானே கால்? இப்ப சொல்லு. உங்கண்ணன் அக்கரைக்குக் கூப்பிடறான். ஏறப் போறியா, இருக்கப் போறியா? படகு ரொம்ப நேரம் நிக்காது.”

ஜெகான் கண்ணைத் துடைத்தான். முதல் தடவையாக அண்ணனை நிமிர்ந்து பார்த்தான்.

“இருக்கேன்” என்றான்.

* * *

இதோடு அத்தியாயத்தை முடித்திருந்தால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் நடந்தது இதோடு முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, டாக்டரின் அறையில் அண்ணன், அக்கா, தம்பி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். யார் கூடத் தங்குவது என்பதை மறுபடி எழுதவேண்டும், அதுதான் முறை என்றார் டாக்டர். யாந்தே தலையை ஆட்டினாள். அதில் கேட்க என்ன இருக்கிறது?

“அந்த ஃபுலானிக்காரர் இருக்கட்டும்” என்றான் ஜெகான்.

பேனா நின்றது. யாந்தே அவனைப் பார்த்தாள். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டான், திருத்திக்கொள்வான் என்று காத்திருந்தாள்.

அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசி நாளாகிவிட்டதால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்தான்.

“நீ பார்த்துக்கிட்டே இருக்கே, அக்கா. காலையில கண்ணைத் திறந்தா நீ பார்த்துக்கிட்டிருக்கே. சரியாயிட்டேனா, சரியாயிட்டேனான்னு. எனக்கு…” நிறுத்தினான். “அசதியா இருக்கு.”

“நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்டா. திரும்பிப் படுத்துக்கறேன்.”

“நீ திரும்பிப் படுத்தாலும் தெரியும்.”

லாத்திர் கார்ச் சாவியைக் கைக்குக் கை மாற்றினான். யேரோவுக்கு ஆகிற கூலியைத் தான் தருவதாக, யாரும் கேட்காமலேயே சொன்னான்.

வெளியே வந்ததும் அவள் டாக்டரிடம் ஒன்று மட்டும் கேட்டாள். அப்பா சாவில் சிரிக்காததால்தான் தம்பிக்கு இப்படி ஆயிற்றா?

“அப்படி ஒரே ஒரு கதவு இருந்தா நான் எப்பவோ திறந்திருப்பேன்” என்றார் டாக்டர். “மருந்தும் வேலை செஞ்சிருக்கு. தூக்கமும். நீ ஊட்டின சோறும். நாளைக்கு மறுபடியும் பேசாம போனாலும் போவான். அப்ப பயந்துடாதே.”

நான் எப்போது வரலாம் என்று கேட்க நினைத்தாள். கேட்டால் அழுகை வந்துவிடும் போல இருந்தது. டாக்டரே சொன்னார், வியாழக்கிழமை மரத்தடிக்கு வா என்று. எல்லாச் சொந்தக்காரர்களையும் போல.

அவள் பாயைச் சுருட்டினாள். அது மடிந்த இடமெல்லாம் அவள் உடம்பின் பழக்கத்துக்கு வளைந்திருந்தது. தம்பி வாசல்வரை வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவன் அறியட்டும் என்று நினைத்தாள். உடனே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

யேரோ மட்டும் பின்னாலேயே கேட்வரை வந்தான். கோட்டு இன்னும் அவன்மேல் இருந்தது.

“ஏ ஃபாய் வீட்டுப் பொண்ணே. ஒண்ணு கேக்கறேன். முறைக்காரன் கேட்டா இல்லேங்கக் கூடாது.”

“என்ன?”

“சந்தையில என்னைப் பார்த்தா, பேரைச் சொல்லிக் கூப்பிடு. நாலு பேர் கேக்கறாப்பல, மாட்டுத் திருடான்னு கூப்பிடு.”

அவள் சரி என்றாள்.

* * *

லாத்திர் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டான். பிக்கின் திருப்பத்தில் லாரிகள் நின்றுவிட்டன. கண்ணாடியைத் தட்டி ஒருவன் முந்திரிப் பருப்பு விற்றான். லாத்திர் அவனைப் பார்க்கவே இல்லை.

“இடது கால்தானா?” என்றான் திடீரென்று.

“என்ன, அண்ணே?”

“எனக்கு ஞாபகம் இல்ல, யாந்தே. முப்பது வருஷம் அவர் பின்னாடி நடந்திருக்கேன். எந்தக் கால்னு தெரியல.”

அவள் வாயைத் திறந்தாள். தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். படகுத்துறையில் அப்பா நடந்து வருகிறார். சத்தம் கேட்கிறது. கால் தெரியவில்லை.

“அன்னைக்கு அவங்களை நிறுத்தினது பட்டணத்துக்காரங்களுக்காக இல்ல” என்றான் லாத்திர், ஸ்டியரிங்கைப் பார்த்து. “அவங்க அவரைப்போல நடந்து வந்தா நான் சிரிச்சிருப்பேன். சிரிச்சா, அப்புறம் வர்ற அழுகையை நிறுத்தியிருக்க முடியாது. நான் மூத்தவன்.”

லாரிகள் நகர்ந்தன. அவன் கியரை மாற்றினான். வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டபோது, அப்பா சாவுக்கு வந்த அந்த ஃபுலானி வீட்டு ஆட்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்களா என்று கேட்டான். அதே கிணற்றுப் பக்கம்தான் இருக்கிறார்கள் என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அறையில் பூட்டியிருந்த வீட்டு வாடை. தையல் மிஷின்மேல் தூசி படிந்திருந்தது. அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். அப்பா இறந்த எட்டாம் நாள் அவர் உடுப்புகளைத் தானமாகக் கொடுத்தபோது அவள் இரண்டைத்தான் ஒளித்து வைத்துக்கொண்டாள். ஒன்று கோட்டு. இன்னொன்று தோல் செருப்பு.

பிரித்துப் பார்த்தாள். இழுத்து நடக்கிற காலின் செருப்பு முனையில் தேயும். ஒரு செருப்பின் முனை காகிதம் போல மெலிந்து, கட்டைவிரல் இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. மற்றது முழுதாக இருந்தது.

தேய்ந்திருந்தது வலது செருப்பு.

அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யேரோ சரியாகத்தான் நடந்தான். தம்பி தப்பைத்தான் சொன்னான். அந்தத் தப்பான வார்த்தையில்தான் அவன் திரும்பி வந்தான். சொல்லிக் கொள்ள ஆள் வேண்டும் போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் தம்பிதான். அவனிடம் ஒரு நாளும் சொல்லக்கூடாது.

செருப்பைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

வெளிச்சம் மங்கியபோது போன் அடித்தது. லாத்திரின் பெண்சாதி. அவர் அங்கேயா இருக்கிறார், சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது என்றாள். போய் வெகுநேரமாயிற்றே என்றாள் யாந்தே. சொன்ன பிறகுதான் அவன் கேட்ட அந்தக் கிணற்றுப் பக்கம் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை அவரவர் இருந்த இடம் இதுதான். ஜெகான் யேரோவோடு ஒரே கிண்ணத்தில் மீனும் சோறும் சாப்பிட்டான், மீன் இருந்தது. சாப்பிட்டு முடித்து இரண்டு வார்த்தை பேசினான், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். யேரோ கட்டிலுக்குக் கீழே படுத்து, அவனைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து ஃபுலானிக்காரர்களின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் அந்தா கெய் வீட்டுக்குப் போனார். யாந்தே தன் கட்டில் காலியாக இருக்க, பழக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். லாத்திரின் கார் ரூஃபிஸ்க் வந்து சேரவில்லை.